தட்சிணையாகக் கேட்ட பச்சை வலை

பாலாற்றங்கரையில் ஓர் ஊர். ஆற்றில் தண்ணீரைப் பார்த்தவர்கள் அங்கே குறைவு, மணலைப் பார்த்தவர்கள் அதிகம். அந்த ஊரில் எப்போதோ மூடிவிட்ட மாவு மில்லின் பின்னறையில் ஒரு குரு இருந்தார். ஊர் அவரை மில் சாமி என்று கூப்பிட்டது. வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். தாடி கிடையாது, காவி கிடையாது. அதனாலேயே பல பேர் அவரை நம்பவில்லை. அவரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நம்பியவர்களில் ஒருவர் ஏகாம்பரம். குருவைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இழுத்துக் கட்டிவைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். குரு அவரை ஐயா என்பார், அவர் குருவைச் சாமி என்பார்.

ஏகாம்பரத்துக்கு ஒரு குறை உண்டு. குரு இதுவரை தட்சிணை என்று எதுவும் வாங்கியதில்லை. வேட்டி வாங்கிப் போனார், திரும்பி வந்தது. டேபிள் ஃபேன் வாங்கிப் போனார், அதுவும் திரும்பி வந்தது. "கேக்கும்போது கேக்கறேன் ஐயா" என்று மட்டும் குரு சொல்லியிருந்தார்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். நடுப்பகல் ஆவதற்குள் தெருவில் நாய்கூட இல்லை. ஏகாம்பரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மில்லுக்கு வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"காலையில எழுந்ததும் ஆண்டவனுக்கு நன்றி சொல்றேன். படுக்கும்போதும் சொல்றேன். வனஜா ஆஸ்பத்திரியிலேர்ந்து உயிரோட வீடு வந்து சேந்ததுக்கு நன்றி. சொந்த வீடு இருக்கறதுக்கு நன்றி. பென்ஷன் வர்றதுக்கு நன்றி. சொல்லிச் சொல்லி வாய்தான் காயுது, மனசு நிறைய மாட்டேங்குது. நன்றின்னா என்னங்க சாமி?"

குரு பனை விசிறியை வீசிக்கொண்டிருந்தார்.

"மதியம் வீட்ல என்ன சமையல்?"

"ரசம் வெச்சிருக்கேன் சாமி. அப்பளம் பொரிக்கணும்."

"நீங்களா வெச்சீங்க?"

"நான்தான்."

குரு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பரவாயில்லை. சாப்பிட வர்றேன்."

அந்த யோசனை எதற்கென்று ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை. குரு வீட்டுக்கு வருகிறார் என்ற சந்தோஷத்தில் வெயிலிலேயே வேகமாக நடந்தார்.

வனஜா அவர் மனைவி. மாசி மாதம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்து, பிளேட் வைத்துத் தைத்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், நடக்கவும் வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வனஜா முதலில் இரண்டு மூன்று நாள் நடந்தாள். பிறகு ஒரு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதோடு சரி. வாக்கர் கட்டிலோரம் நின்றது, அதில் ஏகாம்பரத்தின் ஈரத்துண்டு காய்ந்தது.

போன வாரம் டாக்டர் ஏகாம்பரத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த அம்மா இப்படியே இன்னும் கொஞ்ச நாள் படுத்திருந்தால் கால் நடக்க மறந்துவிடும், அப்புறம் யார் தூக்கி நிறுத்தினாலும் நிற்காது என்று. அதை ஏகாம்பரம் வனஜாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று அவளுக்கும் சேர்த்துத் தானே பயந்துகொண்டிருந்தார்.

குரு வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. சந்து வழியாகப் பின்பக்கம் போனார். அங்கே ஒரு தோட்டம் இருந்தது. தோட்டம் என்றால் நாலு பாய் விரித்தால் முடிந்துவிடும். ஒரு மூலையில் கறிவேப்பிலை, சுவரோரம் வெண்டை, நடுவில் இலவம்பாடி முள்ளுக்கத்தரி ஒரு வரிசை, படுக்கையறை ஜன்னலை ஒட்டி ஒரு குண்டுமல்லிச் செடி. எல்லாம் வனஜா வைத்தது.

அத்தனைக்கும் மேலே ஏகாம்பரம் பச்சை நிழல்வலை கட்டியிருந்தார். இரும்புக் குழாய் நட்டு, கம்பி இழுத்து, முறுக்கி, காற்றடித்தாலும் அசையாதபடி. மின்வாரியம் அவரிடம் கற்றுக்கொள்ளலாம், அப்படி ஒரு வேலை. அனல் காற்று அறைக்குள் வரக் கூடாதென்று ஜன்னலுக்கு முன்னாலும் வலையை மடித்துத் தொங்கவிட்டிருந்தார். உள்ளே நின்றால் மீன் தொட்டிக்குள் நிற்பது போலிருந்தது.

"ஒரு இலை கருகலை பாருங்க சாமி" என்றார் பெருமையாக.

குரு பார்த்தார். இலை கருகவில்லைதான். மல்லிச் செடி ஆள் உயரத்துக்குக் கொழுத்திருந்தது. ஒரு மொட்டும் இல்லை. கத்தரிச் செடிகளில் காய்கள் மஞ்சள் மஞ்சளாகத் தொங்கின. வெண்டை முற்றி, ஆட்டினால் கிலுகிலுப்பை.

"இதெல்லாம் ஏன் பறிக்கலை?"

"அவ வெச்ச செடி சாமி. எழுந்து வந்து அவ கையால பறிக்கட்டும்னு அப்படியே வெச்சிருக்கேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எழுந்து வந்து பாத்தா சந்தோஷப்படுவா இல்லையா, அதான் சொல்லலை."

"மல்லி பூக்கலையா?"

"வெயில் ஜாஸ்தி. அதுக்கு ஒத்துக்கலை போல. வலையை இன்னும் ஒரு சுத்து போடலாம்னு இருக்கேன்."

"அம்மா தலைமாட்டுல தினமும் மல்லிச் சரம் இருக்குதுன்னு சொன்னீங்களே."

ஏகாம்பரம் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"பஸ் ஸ்டாண்டுல வாங்கறேன் சாமி. நம்ம செடிப் பூதான், நானே கட்டினேன்னு சொல்லி வெக்கறேன். பாவம், படுத்திருக்கறவளுக்கு ஒரு ஆறுதல்."

இருவரும் உள்ளே போனார்கள்.

வனஜா படுத்திருந்த அறை பகலிலேயே மங்கலாக இருந்தது. அறை வாசலில் நின்றவர்களுக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் முதுகுதான் தெரிந்தது. "சாமி வந்திருக்காரு" என்று ஏகாம்பரம் சொன்னதும் கழுத்தை மட்டும் திருப்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுபடி சுவர்.

அறை வாசலுக்கு எதிரே கூடத்தில் இலை போட்டார்கள். ரசம் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுவது ஒரு நல்ல மனிதருக்குச் செய்கிற துரோகம். குரு அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார். பிறகு இன்னும் ஒரு கரண்டி கேட்டார். பிறகு கையைக் குழித்து ஏந்தி வாங்கிக் குடித்தார்.

"நீங்க உக்காருங்க ஐயா, நான் போடறேன்."

குரு கரண்டியை எடுத்துச் சாய்ப்பதற்குள் ஏகாம்பரத்தின் இடது கை இலைக்கு மேலே விரிந்துவிட்டது.

"போதும் சாமி, போதும்."

"இன்னும் போடவே இல்லையே."

அறைக்குள்ளிருந்து வனஜாவின் குரல் வந்தது. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அவர் கை அப்படித்தான் சாமி. கரண்டி வர்றதுக்கு முன்னாடி வந்துடும். கல்யாணப் பந்தியில எங்க அம்மா பாயசத்தை எடுத்துக்கிட்டு வந்தாங்க, அப்பவும் கைதான் குறுக்க வந்துச்சு."

"பின்னால சாப்பிடறவங்களுக்கு வேணும் இல்லையா" என்றார் ஏகாம்பரம். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் மூத்தவராகப் பிறந்தவர். கை அந்த வயதில் கற்றுக்கொண்ட பாடம் அது.

"பின்னால சாப்பிடறவ நான் ஒருத்திதான் சாமி. எனக்கு மிச்சம் வெக்கறதா அவருக்கு நெனப்பு. நாப்பது வருசமா இவர் வெச்ச மிச்சத்தை மறுநாள் பழங்குழம்பாவே தின்னுட்டிருக்கேன்."

ஏகாம்பரம் சிரித்தார். குரு சிரிக்கவில்லை. இலையை மடித்தார், கை கழுவினார், துண்டில் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, தட்சிணை கேக்கலாமா?"

ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

"கேளுங்க சாமி. எதுவானாலும் கேளுங்க."

"அந்தப் பச்சை வலை வேணும்."

ஏகாம்பரம் பின்பக்கக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"மில்லு வாசல்ல நீர்மோர்ப் பந்தல் போடலாம்னு இருக்கேன். மேலே போட ஒண்ணும் இல்லை."

"புதுசா வாங்கித் தர்றேன் சாமி. இதைவிட நல்லதா."

"இதுதான் வேணும்."

"செடியெல்லாம் கருகிடும் சாமி. வனஜா எழுந்து வரும்போது அவளுக்கு நான் எதைக் காட்டறது?"

அந்தத் தோட்டத்தை முழுசாக அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். இரண்டு மாதமாக அந்த வலையைக் காத்தது அந்த நம்பிக்கையில்தான்.

குரு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

கொடுக்கிறேன் என்று வருஷக்கணக்கில் சொன்ன வாயால் மாட்டேன் என்று சொல்ல ஏகாம்பரத்தால் முடியவில்லை. குறடை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குரு ஏணியைப் பிடித்துக்கொண்டார். முறுக்கிய கம்பி ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. கட்டினவரே அவிழ்த்தும் நேரம் பிடித்தது, அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தார். கடைசியில் ஜன்னல் பக்கத்துக் கம்பியை வெட்டியதும் வலை முழுவதும் சரிந்து தரையில் விழுந்தது.

வெயில் தடாலென்று இறங்கியது. ஜன்னல் வழியாகக் கட்டில் வரை போனது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வனஜாவின் முகம் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தெரிந்தது. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க."

"என்ன வனஜா?"

"செடி இருக்குதா?"

"இருக்குதே. எல்லாம் இருக்குது. ஏன்?"

"செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

ஏகாம்பரம் ஏணியிலிருந்து இறங்கி ஜன்னலுக்கு வந்தார்.

"தினம் நம்ம செடிப் பூ கொண்டாந்து வெச்சேனே."

"அது கடைப்பூ. தண்ணி தெளிச்சு, வாழைநாருல நெருக்கிக் கட்டினது. நானே கட்டினேன்னீங்க. சட்டையில பொத்தான் போச்சுன்னா ஊசியில நூல் கோக்கத் தெரியாது உங்களுக்கு, நீங்க எங்க பூக் கட்டினீங்க? செடி செத்துப் பூடுச்சு, சொல்ல மனசு வராம வாங்கியாந்து வெக்கறாருன்னு நெனச்சுக்கிட்டேன். ஜன்னலையும் மறைச்சுட்டீங்க." கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் காஞ்சு கெடக்கும், எழுந்து வந்து எதைப் பாக்கறதுன்னு இருந்துச்சு."

ஏகாம்பரம் கம்பி வழியாக அவள் விரல்களைத் தொட்டார். அவர் கண்ணிலிருந்து வந்ததை வியர்வை என்றே வைத்துக்கொள்ளலாம், வெயில் அப்படி.

வனஜா அவரைப் பார்க்கவில்லை. கத்தரிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அது, மாம்பழம் மாதிரி தொங்குது? கத்தரிக்காயா? அதை யாரு பழுக்க விட்டது?"

"உனக்குன்னு..."

"எனக்குன்னு சொல்லாதீங்க. பறிச்சுப் போடுங்க மொதல்ல. நல்லதா ரெண்டை மட்டும் விதைக்கு வைங்க. அப்புறம் மல்லியை எதுக்கு நிழல்ல வெச்சீங்க? அது வெயில்ல நின்னாத்தானே பூக்கும்."

குரு வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். நடுப்பகலில் அதைச் சுமந்துகொண்டு போனார். போய்வருகிறேன் என்று சொன்னது இருவர் காதிலும் விழவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் ஜன்னலிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் விட வேண்டும். குழாயில் முதலில் வருவது கொதிக்கும், அதைச் சந்தில் விட்டுவிட்டுக் குளிர்ந்த பிறகுதான் செடிக்குப் பிடிக்க வேண்டும். மல்லியின் பழைய இலையை உருவ வேண்டும், நுனியைக் கிள்ள வேண்டும். ஏகாம்பரத்துக்குக் கிள்ளக் கை கூசியது. "கிள்ளுங்க, அழாது" என்றாள் வனஜா. சில இலைகள் கருகத்தான் செய்தன. வெண்டையில் ஒன்று போய்விட்டது. அதற்காக யாரும் துக்கம் கொண்டாடவில்லை.

உத்தரவு போடுவதற்கு உட்கார வேண்டியிருந்தது. அதனால் வனஜா உட்கார்ந்தாள்.

கத்திரி முடியப் போகிற சமயம் ஒரு நாள் சாயங்காலம், மல்லிச் செடி முழுக்க மொட்டு. காலையில் பச்சையாக இருந்தது பிற்பகலில் வெளுத்துப் பருத்துவிட்டது.

"இப்பப் பறிக்கணும். விட்டா செடியிலயே விரிஞ்சுடும்" என்றாள் வனஜா.

ஏகாம்பரம் பறித்தார். ஒன்றைக் காம்பில்லாமல் பிய்த்தார். ஒன்றைக் கிளையோடு ஒடித்தார். ஒன்றைப் பறித்துக் கீழே போட்டு மிதித்தார். வேண்டுமென்று செய்யவில்லை. கம்பம் ஏறின கை, அதற்கு மொட்டு பிடிபடவில்லை.

ஜன்னலில் ஒரு பெருமூச்சு.

"ஏங்க, அந்தத் துண்டை எடுங்க."

"எந்தத் துண்டு?"

"வாக்கர் மேலே காயப் போட்டிருக்கீங்களே, அது."

வந்தாள். கதவு நிலையில் நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி நகர்ந்தாள். ஏகாம்பரம் பிடிக்க ஓடினார். "நாற்காலியைப் போடுங்க, என்னைப் பிடிக்க வேணாம்" என்றாள். மல்லிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. உட்கார்ந்ததும் அவள் விரல்கள் செடிக்குள் போயின. ஒடியும் சத்தம்கூடக் கேட்கவில்லை, மடியில் மொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

ஏகாம்பரம் தரையில் தண்ணீர் தெளித்தார். சுட்ட மண்ணிலிருந்து ஆவி எழுந்தது, அதன் வாசனையும் எழுந்தது. சுவரில் ஒரு தேன்சிட்டு வந்து உட்கார்ந்து, ஈர மண்ணைப் பார்த்துவிட்டுப் போனது. வனஜா காலைச் செருப்பிலிருந்து எடுத்து அந்த ஈரத்தில் வைத்தாள். வெயில் இன்னும் முழுதாகப் போகவில்லை, அவள் நெற்றியில் வியர்த்தது.

"உள்ளே போலாமா? சூடா இருக்குது" என்றார் ஏகாம்பரம்.

"இருக்கட்டும். நல்லா இருக்குது."

அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. கத்தரியில் ஊதாப் பூ, அதன் கீழே முள்ளுள்ள காம்போடு பிஞ்சு. இத்தனை நாள் இந்த வீட்டில்தான் இருந்தோமா என்று அவருக்குத் தோன்றியது.

கத்திரி முடிந்த நாள் குருவைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இந்த முறை சமைத்தது ஏகாம்பரம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். குரு சீக்கிரமாகவே வந்துவிட்டார்.

அன்று காலையில் பறித்த காயில் எண்ணெய்க் கத்தரிக்காய். வனஜா வாக்கரை ஒரு கையால் பிடித்து நின்றபடி தானே பரிமாறுவேன் என்றாள். தலையில் தன் செடிப் பூ. இலைகளுக்கு நடுவில் மெதுவாக நகர்ந்து குருவுக்குப் போட்டாள். குரு சாப்பிட்டார். மறுபடி வாங்கினார். மூன்றாம் தடவை கேட்டபோது வனஜா முகம் மலர்ந்து போனது.

ஏகாம்பரம் தன் இலையில் இருந்ததை முடித்திருந்தார். இலையில் எண்ணெய்கூட மிச்சம் இல்லை. அவருக்குப் பழைய கேள்வி ஞாபகம் வந்தது.

"சாமி, அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லலை."

"என்ன கேட்டீங்க?"

வனஜா அவர் பக்கம் நகர்ந்து வந்தாள். ஒரு கை வாக்கரில், இன்னொரு கையில் கரண்டி நிறையக் கத்தரிக்காய். குனிந்தாள். கால் இலேசாக நடுங்கியது.

ஏகாம்பரத்தின் இடது கை இலைக்கு மேலே விரிந்தது.

"நன்றின்னா என்னன்னு கேட்டேன் சாமி."

குரு அந்தக் கையைப் பார்த்தார்.

"கையை எடுங்க ஐயா. அம்மா எவ்வளவு நேரம் கரண்டியோட நிப்பாங்க?"

ஏகாம்பரம் கையை எடுத்தார். வனஜா போட்டதைச் சாப்பிட்டார், அந்தக் கேள்வியை அப்புறம் கேட்கவில்லை.